இரண்டையும் கண்டவர்

தவமலர் அக்கா இறந்துபோன செய்தி, புனேயின் கேம்ப் பகுதியில் நாங்கள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தொலைபேசியில் வந்தது. பேசிய பெண் புதியவள். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு என்றாள். பிறகு தயங்கி, "அவங்க உண்மையில யாரு மேடம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள். அவரை அறிந்த உங்களில் பலரும் என்னிடம் கேட்ட கேள்விதான் அது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் கொழும்பு வெள்ளவத்தையைச் சேர்ந்தவர். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கணவரை இழந்து, கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்து, தூரத்து உறவினர் ஒருவரின் உதவியால் புனே சேர்ந்தார். கூடத்தில் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். கதவு தட்டப்பட்டால் பெயர் கேட்பார். பதில் வந்த பிறகும் சற்றுப் பொறுத்துத்தான் திறப்பார்.

ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்புக்குப் பிறகு சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எங்கள் டாக்டர் அவசரமாக, இந்தம்மா நாகர்கோவில் என்று சொல்லிவிட்டார். அக்கா கையிலிருந்த சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இந்தியில், தான் கொழும்பு என்றார். அதன்பின் அடிக்கடி ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். கசார்வாடியில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அவருடைய பெட்டி ஏன் எப்போதும் பூட்டியே இருக்கிறது என்று என் கணவர் முணுமுணுத்தார். அது அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை பெட்டியை நடு அறையில் வைத்துத் திறந்தார். நாலைந்து சேலைகள், ஓர் ஆணின் மூக்குக்கண்ணாடி. "வடிவாப் பாருங்கோ. இனிக் கேக்காதேங்கோ" என்று சொல்லிப் பூட்டினார்.

சில வருடங்கள் கழித்து இங்குள்ள தமிழர்கள் ஒரு கூட்டம் போட்டு, அந்த ஜூலையைப் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டார்கள். கலவரத்தின்போது கொழும்பில் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சுமனா அவரை மதில் தாண்டி இழுத்துத் தன் வீட்டில் ஒளித்து வைத்தவர். அங்கே ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் கணவர் அடித்துக் கொல்லப்பட்டதை அக்கா பார்த்தார். அடித்தவர்களில் சுமனாவின் மூத்த மகனும் இருந்தான். சுமனாவைப் பற்றிய பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள், கூட்டம் குழம்பிவிடும் என்று நடத்தியவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். அக்கா விடவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "உங்களை இப்படிப் பேசச் சொன்னது யாரு?" என்றார்.

"என்னைக் காப்பாற்றினது அவ. என்ர மனிசனை அடிச்சது அவவின்ர மகன். ரெண்டையும் நான் கண்டனான். ஒண்டை விட்டா மற்றதும் பொய்."

அன்று முதல் பாதிப்பேர் அவரைப் புலி என்றார்கள், மீதிப்பேர் இலங்கை அரசின் ஆள் என்றார்கள். பஸ் நிறுத்தத்தில் என்னிடம் குரலைத் தாழ்த்தி விசாரித்தவர்களும் உண்டு.

போர் நிறுத்தக் காலத்தில் அவர் கொழும்பு போனார். அங்கே வக்கீல்கள் சிலர் அந்த ஜூலையின் பழைய சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். சுமனா உயிரோடு இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, மகன் இப்போது பிள்ளை குட்டிக்காரன், அவன் பெயரைச் சொல்லாதே என்று அழுதிருக்கிறார். சொல்லத்தான் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போய், மகன் பெயரையும் தாயின் பெயரையும் அக்கா பதியவைத்தார். விடைபெறப் போனபோது சுமனா கதவைத் திறக்கவில்லை. அந்த மகனை யாரும் விசாரித்ததாக இதுவரை தகவல் இல்லை.

திரும்பி வந்து நடந்ததை என்னிடம் சொன்னார். செய்தது சரிதானா என்று கேட்டேன். "சரியோ தெரியாது. பொய் இல்லை" என்றார்.

மயானத்தில், அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவர்கள் அவருடைய துணிச்சலைப் பாராட்டிப் பேசினார்கள். ஒருவர் வாயிலும் சுமனாவின் பெயர் வரவில்லை. அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், அவர் எனக்கு எதை விட்டுப்போனார் என்பது புரிந்தது. பழைய கொடுமைகளைப் பற்றி மேடையில் யார் பேசினாலும், தனக்குச் சங்கடமான எதை இவர் விட்டுவிட்டார் என்று மனம் தேடுகிறது. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு வாழ்வது சுலபமாக இல்லை. ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.