வாணியம்பாடிக்கு இறங்கிப் போய் டர்போ பார்த்தது

அந்தக் கார் முதல் தடவை என் ஷெட்டுக்கு வந்தபோது நீலப்புகையைக் கக்கிக்கொண்டு பெங்களூர் நீலசந்திராவின் அந்தக் குறுகல் தெருவையே மூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மா காயப்போட்ட துணிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார். "கொசு மருந்து வண்டி வந்துடுச்சுடோய்!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். ஓட்டி வந்தவன் இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்தபடி, வெட்கத்தோடு சிரித்தான். புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

அவன் காக்ஸ் டவுன் பையன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. ஜப்பானிலிருந்து யாரோ கப்பலில் கொண்டு வந்து, கை மாறிக் கை மாறி வந்த பழைய கார் அது. சம்பளத்தை எல்லாம் போட்டு வாங்கியிருந்தான். உள்ளே டர்போ. என்ஜின் வெளியே துப்புகிற புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சின்னக் காற்றாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெளிக்காற்றை இறுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். திணித்தால் வேகம். அந்தக் காற்றாடியின் அச்சு தேய்ந்து, ஆயில் உள்ளே இறங்கி எரிந்துகொண்டிருந்தது.

"எத்தனை பேருகிட்ட காட்டின?" என்று கேட்டேன்.

"நாலு பேருணா. எல்லாரும் உங்ககிட்டதான் போகச் சொன்னாங்க. 'அந்த ஆளு பயந்தாங்கொள்ளி, ஆனா வண்டி கெடாது'ன்னாங்க."

பாராட்டா கிண்டலா தெரியவில்லை. ஆனால் உண்மைதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து வேலை பழகி, பிறகு இங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டவன் நான். பயம் என்னோடு பிறந்தது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். ஒருமுறை ஒருவருக்குச் சக்கரம் மாட்டி அனுப்பிவிட்டு, நட்டை முடுக்கினேனா என்ற சந்தேகத்தில் ஆட்டோ பிடித்துத் துரத்தி, சிக்னலில் நின்ற அந்த வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மறுபடி முடுக்கினேன். பச்சை விழுந்து பின்னால் இருந்த பஸ் ஆரன் அடித்தது. நட்டு ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட ஆளோடு வாழ ஒரு பெண்ணும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் யாரையும் வற்புறுத்தவில்லை. மற்ற நாட்களில் நாலு பேர் வந்து "இன்னும் ஆகலையா?" என்று திட்டிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை திட்டக்கூட ஆள் இருக்காது. ரேடியோவைப் போட்டால் அதில் எல்லோரும் கூட்டமாகச் சிரிப்பார்கள். அது இன்னும் மோசம்.

அந்தப் பையனுக்கு ஞாயிறுதான் ஓய்வு. சர்ச் முடிந்ததும் வருவான். கையில் பேக்கரி பொட்டலம், அதில் தேங்காய்ப்பூரணம் வைத்த தில்பசந்த். ஸ்டூலில் உட்கார்ந்து ஆபீஸ் கதை, அம்மா கதை, கார் கதை என்று ஓயாமல் பேசுவான். நான் கழற்றிக்கொண்டே கேட்பேன். மூன்றாவது வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: வெள்ளிக்கிழமை வந்தாலே நான் ஷெட்டைப் பெருக்க ஆரம்பித்திருந்தேன்.

டர்போ எதைப் போடுவது என்ற பேச்சு வந்தது. பழசையே சரிசெய்தால் மறுபடி போய்விடும். முன்னால் வைத்திருந்தவன் அழுத்தத்தை ஏற்றிவைத்து ஓட்டியிருக்கிறான். இந்த ஊரில் காற்று மெலிசு. மூவாயிரம் அடி உயரம். குளிர்ச்சி என்று மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள், டர்போவோ கிடைக்காத காற்றுக்காகக் கூடுதலாகச் சுழன்று சுழன்று செத்துப்போகும்.

அவனை அழைத்துக்கொண்டு சிவாஜி நகர் குஜிரிக்குப் போனேன். பழைய சாமான்கள் மலையாகக் குவிந்து கிடக்கும் சந்து. எனக்குப் பழக்கமான கடைக்கார பாய், லாரியில் இருந்து கழற்றிய ஒரு டர்போவை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார்.

"பாரு உஸ்தாத், யானை மாதிரி கீது. இத்தப் போட்டா உன் தம்பி ஏரோப்ளேன் ஓட்டுவான்."

"யானைய வாங்கிடலாம் பாய். தீனி யாரு போடுறது?"

"அரே, நீ எதுக்கும் பயப்படுவே. உனக்குக் கல்யாணம் ஆகாததுக்கு இதான் காரணம்." பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

பாயிடம் இன்னொன்றும் இருந்தது. ஜப்பான் சரக்கு, பழைய டர்போவைவிட ஒரு சுற்றுதான் பெரியது, அச்சில் ஆட்டமில்லை. பையனின் கண் யானைமேலேயே இருந்தது. அவனுடைய சிநேகிதர்கள் எல்லோரும் பெரிசுதான் போடச் சொல்லியிருந்தார்கள். சென்னைக்கு வெளியே நேர்ச்சாலைப் பந்தயம் ஒன்று வருகிறது. அதில் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

இங்கேதான் எனக்குச் சிக்கல். பெரியதைப் போட்டால் அது சுழல ஆரம்பிக்கவே நேரம் எடுக்கும், அதற்குள் பந்தயம் பாதி முடிந்துவிடும். அது போகட்டும். பெரியதைப் போட்டால் அதோடு நிற்காது. பெட்ரோல் போதாது என்று இன்ஜெக்டர் மாற்ற வேண்டும். கிளட்ச் வழுக்கும். பிறகு பிஸ்டன். ஒன்றை மாற்றினால் அடுத்தது கேட்கும். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருந்தன. சிறியதைப் போட்டால் ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும். வேலை முடிந்தால் அவன் எதற்கு வரப்போகிறான்? குஜிரி சந்தில் நின்று இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்றதுதாணா," என்றான்.

"யோசிச்சு சொல்றேன்," என்றேன். அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் இன்டர்நெட்டிலிருந்து ஒரு படம் அச்செடுத்து வந்தான். மலை வரைபடம் மாதிரி வளையம் வளையமாகக் கோடுகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். இந்தக் கோட்டுக்கு வெளியே போனால் டர்போ திணறும், இந்த நடு வளையத்துக்குள் நின்றால் நிம்மதியாக மூச்சுவிடும். நம்ம ஊர்க் காற்றுக்குக் கணக்குப் போட்டு, பென்சிலால் புள்ளி வைத்தான். யானை எங்கோ கோட்டுக்கு வெளியே விழுந்தது. சின்னது நடு வளையத்தில்.

"நீங்க என்ன நெனச்சீங்கணா?"

அந்தப் பென்சில் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு, "அதேதான் தம்பி. சின்னதைப் போடு," என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. என் முகம் எப்படி இருந்ததோ.

மாட்டினோம். ஆயில் போகிற குழாயைக் கழுவினேன், சந்தேகம் வந்து மறுபடி கழுவினேன், அவன் போன பிறகு இன்னொரு முறை கழற்றிக் கழுவினேன். புகை நின்றது. எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட்டார்.

அப்புறம் டியூனிங். எவ்வளவு காற்றை இறுக்குவது, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி. இதில் தப்பு வந்தால் என்ஜினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்போம். விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக அடித்து என்ஜினில் போல்ட் போட்டு இறுக்குவேன். மறுமுனையில் ரப்பர் குழாய். அது காருக்குள் வந்து ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் சேரும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் என்ஜினின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் கேட்கும். நாக்கிங் வந்தால் தகர டப்பாவில் கடுகைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம்.

"டாக்டர், பேஷன்ட் பொழப்பாரா?" என்பான் அவன். அவன் வாய் அசைவதை வைத்து நான் புரிந்துகொள்வேன். காதில் அது இருக்கும்போது வேறு எதுவும் கேட்காது.

ரிங் ரோட்டில் காலையில் ஓட்டிப் பார்த்தோம். கடுகுச் சத்தம் இல்லை. சின்ன டர்போ விசுக்கென்று பிடித்துக்கொண்டது. "குரு, சக்கத்தா இருக்கு!" என்று குஷியில் ஸ்டியரிங்கைத் தட்டினான். யானையை மறந்துவிட்டான்.

நான் மறக்காதது ஒன்று இருந்தது. பெங்களூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு அது. இந்த ஊரின் குளிர்ந்த காலையில், மெலிந்த காற்றில் வண்டியைக் கச்சிதமாக ட்யூன் செய்வார்கள். அப்படியே சென்னைக்கு எடுத்துப்போவார்கள். அங்கே காற்று கனம், வெயில் வேறு. இங்கே சாதுவாக இருந்த அதே காற்றழுத்தத் திருகு அங்கே என்ஜினைக் கொன்றுவிடும். 'ஊர்ல நல்லாதானே ஓடுச்சு' என்று ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"ஒரு நாள் லீவு போடு. மலைய விட்டுக் கீழ இறங்கி, வெயில்ல வச்சுப் பாக்கணும்," என்றேன்.

"வாணியம்பாடி வரைக்கும் போலாமாணா? ரோடும் நேரா இருக்கும்."

ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி இறங்க இறங்க, ஜன்னல் வழியே வந்த காற்று சூடாகிக்கொண்டே போனது. நான் ஆரம்பத்திலிருந்தே குழாயைக் காதில் மாட்டிக்கொண்டேன். எந்த இடத்தில் ஆரம்பிக்கும் என்று தெரியாதே. அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். ஒரு கையால் ஏதோ விளக்கினான். ஒரு இடத்தில் சிரித்தான். ஒரு இடத்தில் முகம் சுருங்கி, ரோட்டைப் பார்த்தபடி நீளமாக ஏதோ சொன்னான். நான் தலையை ஆட்டினேன். எனக்குக் கேட்டதெல்லாம் என்ஜின்தான்.

வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நேர்ச்சாலை வந்தது. வெயில் தார் ரோட்டில் தண்ணீர் மாதிரி மினுங்கியது. சைகை காட்டினேன், முழுக்க மிதித்தான். கடுகு. சந்தேகமே இல்லை, ஒரு கைப்பிடிக் கடுகு. கையைத் தூக்கினேன், காலை எடுத்தான். ஓரம் கட்டி, அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன், தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினேன். மறுபடி மிதித்தான். இரண்டு கடுகு. மறுபடி இறங்கினேன். பானெட்டுச் சூடு முழங்கையைச் சுட்டது. கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை, என்ஜினின் சீரான உறுமல் மட்டும். குழாயைக் கழற்றினேன். உலகத்துச் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து காதில் விழுந்தது.

இளநீர்க் கடையில் நின்றோம்.

"வழியெல்லாம் பேசிட்டே வந்தேனேணா, ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லப்பா. என்ன சொன்ன?"

அவன் ஸ்ட்ராவை இளநீருக்குள் சுற்றினான். "ஒண்ணுமில்லணா. சும்மாதான்."

மறுபடி கேட்டிருக்கலாம். முகம் சுருங்கினாயே, அது என்ன என்று. அப்படிக் கேட்பது வரம்பு மீறலோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பதற்குள் இளநீர் தீர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் காதில் எதுவும் இல்லை. கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவன் களைத்துப்போயிருந்தான். கிருஷ்ணகிரி ஏற்றம் முழுக்க டேப்பில் பாட்டு மட்டும் ஓடியது.

பந்தயத்துக்குப் புறப்பட்ட காலை, சிநேகிதர்களோடு ஷெட்டுக்கு வந்தான். காரில் ஆட்கள், பைகள், டயர்கள். "நீங்களும் வாங்கணா," என்றான். எங்கே உட்காருவது என்று இருவருமே பார்த்தோம். "வேலை கெடக்குப்பா," என்றேன். திருகைத் தொடாதே, கண்ட இடத்தில் பெட்ரோல் போடாதே, நல்ல பங்க்காகப் பார்த்துப் போடு என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பின்சீட்டில் ஒருவன், "அங்கிள், நாங்க பத்திரமா பாத்துக்குறோம், நீங்க வீட்டுக்குள்ள போங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

புதிதாக வாங்கிய செல்ஃபோனை இரண்டு நாள் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை சாயங்காலம்தான் அடித்தது. "சூப்பரா ஓடுச்சுணா! எனக்கு முன்னாடி ரெண்டே பேருதான். பக்கத்துல ஒருத்தன் இன்ஜின் வெடிச்சுடுச்சு, அவனும் நம்ம ஊருதான். நம்மளுது ஒரு பிராப்ளமும் இல்ல."

ஒரு பிராப்ளமும் இல்லை. எத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்காகப் பயந்து பயந்து வேலை செய்தேனோ, அந்த வார்த்தை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நன்றாக ஓடுகிற வண்டி மெக்கானிக்கிடம் வராது. அதில் யார்மேலும் குற்றமில்லை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. "அண்ணா, ஏதோ சத்தம் வருது. சண்டே கொண்டு வரட்டா?"

முதலில் எதைச் சரியாக முடுக்காமல் விட்டேனோ என்று பயந்தேன். அடுத்த நொடியே வேறொன்று உள்ளே எழுந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்கு வெட்கம்.

"பானெட்டத் தொறந்து ஃபோன கிட்ட வை."

வைத்தான். தகரம் அதிர்கிற சத்தம். வேறொன்றும் இல்லை. வெறும் தகரம்.

"டர்போ மேல ஒரு தகரம் மூடிருக்கு பாரு. சுடும், துணிய சுத்திக்கிட்டு அமுக்கு."

"நின்னுடுச்சுணா!"

"போல்ட் லூசு. ஆறினதுக்கப்புறம் நீயே முடுக்கிக்க."

"அவ்ளோதானா! அப்ப வர வேணாமா?"

வண்டிகள் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது. "வண்டிக்காக வர வேணாம்," என்றேன். பிறகு, "சும்மா வேணும்னா வா," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. "சும்மாவா? வந்து என்னணா பண்றது?"

"ஒண்ணுமில்ல. டீ குடிக்கலாம். அன்னிக்கு வாணியம்பாடி போறப்ப ஏதோ சொன்னியே, அதைச் சொல்லு."

அந்தப் பக்கம் பானெட்டை மூடுகிற சத்தம் கேட்டது. "பாக்கறேண்ணா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்து வைத்தேன். பால் வாங்கினால் திரிந்துவிடுமோ, வாங்காவிட்டால் அவன் வந்து நிற்பானோ என்று மத்தியானம் வரை கணக்குப் போட்டுவிட்டு, அரை லிட்டர் பால் வாங்கி வந்து காய்ச்சி வைத்தேன். சாயங்காலம் ஆனது. பால் வீணாகக் கூடாதே என்று நானே இரண்டு டீ போட்டுக் குடித்தேன். அடுத்த ஞாயிறும் பால் வாங்கினேன்.