பழமொழிக்கு நான் சொன்ன அர்த்தம்

என் அம்மா பள்ளிக்கூடப் படி ஏறாதவள். ஆனால் வாயைத் திறந்தால் பழமொழிதான். மீன் பேரத்துக்கு ஒன்று, பக்கத்து வீட்டுச் சண்டையை அமர்த்த ஒன்று என்று எப்போதும் கைவசம் இருக்கும். எனக்கோ அப்போது ஒன்பது வயது. பழமொழியும் பொருளும் மனப்பாடம் செய்து வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள். அம்மாவைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்ற திமிர், வேறென்ன!

கடலுக்குக் கிளம்புகிறவரிடம் 'போகாதே' என்று சொல்லக் கூடாது. எங்கள் குப்பத்தில் அது அபசகுனம். அன்று காலை வாடைக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஆள் உயரத்துக்கு அலை. நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதே படகில் போகும் அம்மாவின் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் காத்திருந்தார்கள்.

"அலை ஓஞ்சப்புறந்தான் தலை முழுவணும்னா ஆவுற கதையா?" என்று மாமா சிரித்தார்.

அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குத் தலை பின்னிக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோல, "சொவரு இருந்தாத்தான்டி சித்திரம் எழுத முடியும்" என்றாள்.

நைனாவின் கால் நின்றது. வலையை மெல்ல இறக்கி, "அங்கங்க அறுந்திருக்குது, இன்னிக்கு தச்சுடலாம்" என்றார். எவ்வளவு அழகாக முடிந்த காரியம்! என் வாய் சும்மா இருந்ததா?

"உயிர் இருந்தாத்தான் எல்லாம்னு அர்த்தம், நைனா. அம்மா உன்ன போவாதன்னு சொல்லுது!"

மூவரும் கொல்லென்று சிரித்தார்கள். "இன்னா மச்சான், வூட்ல உத்தரவு கெடைக்கலயா?" என்றார் மாமா. நைனாவின் முகம் சிவந்தது. வலை மறுபடியும் தோளில் ஏறியது.

மத்தியானம் நால்வரும் சொட்டச் சொட்ட நடந்து வந்தார்கள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து வலையெல்லாம் கடலோடு போய்விட்டது. நைனா குனிந்த தலை நிமிரவில்லை. 'அப்பவே சொன்னேனே' என்று அம்மா ஆரம்பிப்பாள் என்று பார்த்திருந்தேன். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அவளோ துண்டை நீட்டி, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு. உக்காரு, சோறு போடறேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் நைனா நிமிர்ந்து பார்த்தார். அம்மாடி, என்ன மனுஷி அவள்!

அவர் சாப்பிட்டுப் படுத்ததும் கொல்லைப்பக்கம் போனாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். நான் பெரிய மனுஷிபோலப் பக்கத்தில் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதம்மா, வேற வல வாங்கிக்கலாம்" என்றேன்.