மல்லசமுத்திரத்து அம்மாவிடம் உட்காரக் கற்றது

எங்கள் மகன் காய்ச்சலில் போனபோது அவனுக்கு நான்கு வயது. அதன் பிறகு என் மனைவி வீட்டு வேலை எதையும் விடவில்லை; பேச்சைத்தான் விட்டுவிட்டாள். யுத்த காலம். நூல் கிடைக்காமல் வெண்ணந்தூரில் எங்கள் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. ஓடிய நாளிலும் ஓர் இழை அறுந்தால் போதும், வீடு அதிரக் கத்துவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவளாகவே வாய் திறந்தாள்.

“ஏனுங்க, மல்லசமுத்திரத்துல ஒரு அம்மா தியானம் சொல்லிக் குடுக்கறாங்களாமா. நான் போயிட்டு வாரேனுங்க.”

எதையாவது கேட்டாளே என்ற சந்தோஷத்தில் பங்காளி வீட்டு மாட்டுவண்டியை இரவல் வாங்கி நானே ஓட்டிப்போனேன்.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கடலைக் காட்டு நடுவே ஓட்டு வீடு. கணவர் இறந்த பின் ஒரு துறவியிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். காவி கட்டவில்லை. கடலை உரித்த கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் மனைவியை உள்ளே அழைத்துப்போனார். நான் வண்டியோடு வெளியே இருந்துகொண்டேன். ஒரு பெண்பிள்ளையிடம் நான் போய் என்ன கற்பது என்ற நினைப்பு. மூன்று வெள்ளிக்கிழமை இப்படியே போயிற்று.

நான்காவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மா வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

“உள்ள வாங்க சாமி. வந்ததுக்குச் சும்மா கண்ணை மூடி உக்காருங்க. மூச்சு வாரதையும் போறதையும் பாத்தாப் போதும்.”

மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

“மாடு நனையுதேன்னு நெனைக்கறீங்களா?”

“ஆமாங்க.”

“அப்பப் போயி அவுத்துத் தாவாரத்துல கட்டிப்போட்டு வாங்க. அதுகளும் உசுருதானுங்களே.”

கட்டிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். இப்போது நினைக்க வேறு எதுவும் மிச்சமில்லை. மூச்சு வந்தது, போனது. திடீரென்று மகனின் முகம் வந்தது. அவன் போன அன்றுகூட நான் அழுதவனில்லை. இப்போது அடக்க முடியாமல் அழுதேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, “தறியை உட்டுப்போட்டு வந்தறோணுங்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“தறியை எதுக்கு உடோணும்? காலைல ரெண்டு பேரும் சித்த நேரம் ஒண்ணா உக்காருங்க. அப்பறம் போயி நெய்யுங்க.”

மறுநாளிலிருந்து அப்படியே செய்தோம். கோபம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் வருவது முன்கூட்டியே தெரிந்தது. தெரிந்தபோது பாதித் தடவையாவது வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். கண் திறந்ததும் என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“உங்க வேட்டியைச் சுத்திக்கிட்டுத் தறிக்குழிக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருப்பானே, அது நெனப்பு வந்துச்சுங்க.”

அன்று தறியில் உட்கார வெகுநேரம் ஆயிற்று. அவனைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம்.