ஓரகத்தியின் விமானப் பயணம்

என் ஓரகத்தி மல்லிகா, மகளைப் பார்க்க லண்டன் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போய்த் திரும்பியிருந்தாள். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தனை உறவும் அவளைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டது. நான் மட்டும் வயிறெரிய அடுப்படியில் பூரி சுட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே உள்ளே வந்தாள்.

"கடல் மேல பறக்கறது சொகமா இருந்திருக்குமே?" என்றேன் குத்தலாக.

"நீங்க வேற, அக்கா! நடு சீட்டுல மாட்டிக்கிட்டேன். காலு வீங்கிடுச்சி. பாத்ரூம் போவணும்னா பக்கத்துல தூங்கறவர எழுப்பணும். எப்டி கேக்கறதுன்னு தெரியாம தண்ணியே குடிக்கல. நீங்க கூட இருந்தா தேவலன்னு நெனச்சி அழுதுட்டேன். அடுத்த வாட்டி நீங்களும் வாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தோடு பொறாமை தீர்ந்தது என்றால் அது பொய். ஜன்னலோர சீட் அவளுக்கா, எனக்கா என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.