நஸ்மி காலியாக விட்ட கட்டம்

அம்மானில் ஜபல் ஹுசைன் பக்கம் பயண அலுவலகம் எங்கே என்று கேட்டால் பத்துக் கடைகளைக் காட்டுவார்கள். மலக்குல் மவுத் கடை எங்கே என்று கேட்டால் ஒன்றைத்தான் காட்டுவார்கள். உயிரை வாங்க வரும் வானவரின் பெயரைக் கடைக்கு வைக்க யாருக்கும் பைத்தியமில்லை. அது அங்கே காப்பீட்டு மேசையில் உட்காரும் நஸ்மிக்கு ஊர் வைத்த பெயர்.

சும்மா வைக்கவில்லை. போன வசந்தத்தில் புதுமணத் தம்பதி ஒன்று தேனிலவுக்கு ஜார்ஜியா போக வந்தது. நஸ்மி படிவத்தை மாப்பிள்ளை பக்கம் திருப்பி, "தம்பி, அங்கே நீங்க மவுத்தாப் போனா உடலை ஊருக்குக் கொண்டு வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். மணப்பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நஸ்மி அண்ணே, நீங்க காப்பீடு விக்கிறீங்களா, பிணத்துக்குச் சுத்துற கஃபன் துணி விக்கிறீங்களா?" என்றாள் பக்கத்து மேசை ஹாலா.

"கோபத்திலயும் அந்தக் கட்டத்துல டிக் போட்டுட்டுத்தானே போனாங்க? போதும்" என்றார் அவர்.

வாய் ஓயாத ஹாலாகூட இரண்டு விஷயங்களில் அவரைச் சீண்ட மாட்டாள். ஒன்று, அவருக்கு எதிரே இருந்த இரண்டு நாற்காலிகளில் இடதுபக்கத்து நாற்காலி. அதில் யாரும் உட்காராதபடி கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். இன்னொன்று, தொலைபேசி. அது அவர் மேசையில்தான் இருந்தது. ஆனால் மணி அடித்தால் ஹாலாதான் கை நீட்டி எடுக்க வேண்டும். நஸ்மி அதைத் தொட்டு மூன்று வருடமாகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த இடதுபக்கத்து நாற்காலியில் அபூ யஸன் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். துருக்கியில் மலை ஏரி ஒன்றைப் பார்க்க மனைவி உம் யஸனோடு கிளம்பிக்கொண்டிருந்தார். நஸ்மி படிவத்தை வாசித்துக்கொண்டே வந்து, "மரணம் நேர்ந்தால்..." என்று தொடங்கியதுதான் தாமதம், உம் யஸன் மேசையைத் தட்டினார்.

"கெட்டது தூரப் போகட்டும்! வாயைக் கழுவுங்க. கிளம்புற நேரத்துல இதை எல்லாம் வாசிப்பாங்களா?"

"விடுங்க நஸ்மி, இவளைப் பகைச்சுக்கிட்டு நான் ஏரியில படகு விட முடியாது" என்று அபூ யஸன் சிரித்தார்.

அந்த ஊரில் யார்தான் வாசிப்பார்கள்? பயணம் போகிறவன் முன்னால் சாவின் பெயரைச் சொல்வது அதைக் கையால் கூப்பிடுவது போல. ஆனால் வாயால் வாசிக்காமல் கையால் ஒரு டிக் போட்டிருக்கலாம். அதற்குக்கூட நஸ்மிக்குக் கூச்சம். கட்டத்தைக் காலியாக விட்டார்.

மூன்றாம் நாள் அந்த ஏரிக்கரையில் அபூ யஸன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உம் யஸனின் குரல் தொலைபேசியில் வந்தது. "நஸ்மி, அவரை எப்படி ஊருக்குக் கொண்டு வர்றது? தாள்ல என்ன எழுதியிருக்கு?"

தாள் நஸ்மியின் கையிலேயே இருந்தது. "பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார், சொல்லவில்லை. மணி திரும்பத் திரும்ப அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுநாள் அங்கேயே, முன்பின் தெரியாத மனிதர்கள் ஜனாஸாத் தொழுது அபூ யஸனை அடக்கினார்கள். அன்றிலிருந்து எந்தப் படிவத்தை எடுத்தாலும் அந்தக் கட்டம் அவரையே பார்த்தது. கடையில் யாராவது உரக்கச் சிரித்தால் திடுக்கிட்டு நிமிர்வார். வெறும் பயம்தான், வேறென்ன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நண்பகலில், உம் யஸன் கடைக்குள் வந்தார். நேராக வலதுபக்கத்து நாற்காலியில், பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த கோப்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாபம் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நஸ்மி நினைத்தார்.

"டிக்கெட் எடுத்துட்டேன். காப்பீடு வேணும்" என்றார் உம் யஸன்.

"எங்கே போறீங்க?"

"வேற எங்கே, அவர்கிட்டதான். பெருநாள் காலையில ஊரே பச்சைக் கிளை எடுத்துக்கிட்டு செத்தவங்களை அடக்கின கப்ருக்குப் போகுது. நான் மூணு வருஷமா ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்க்கிறேன். மகன் யஸன் ஜெர்மனியிலிருந்து நேரா அங்கே வந்துடுவான். வாசிங்க நஸ்மி. இந்தத் தடவை நான் தடுக்க மாட்டேன்."

நஸ்மி வாசித்தார். "பயணி வெளிநாட்டில் மரணமடைந்தால், உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டு வருதல்." வாசித்து முடிப்பதற்குள் பேனா கட்டத்துக்குப் போய்விட்டது. உம் யஸன் அந்தக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"வேண்டாம்."

"உம் யஸன், தயவு செஞ்சு..."

"அவருக்குப் பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் காலியா இருக்கு. அங்கே இருக்கிறவங்க படம் எடுத்து அனுப்பினாங்க. அங்கே வச்சு எனக்கு விதி முடிஞ்சா, யாரும் என்னை இங்கே தூக்கிட்டு வந்துடக் கூடாது."

நஸ்மி பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நான் திருப்பிக் கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

"ஆமா. கூப்பிட்டிருக்கணும்." உம் யஸன் குரலை உயர்த்தவில்லை. "அந்தத் தாள்ல ஒண்ணும் இல்லைங்கிறது எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. வாயைக் கழுவுங்கன்னு சொன்னதே நான்தானே. அது இன்னும் என் காதுலயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அந்த ராத்திரி மனுஷக் குரல் ஒண்ணு வேணும்னு இருந்தது. கையெழுத்து எங்கே போடணும்?"

அவர் கையெழுத்திட்டார். காலிக் கட்டத்தின் ஓரத்தில் நஸ்மி எழுதினார்: 'வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றார்.'

வாசல் வரை போன உம் யஸன் திரும்பினார். "நஸ்மி, ஒருவேளை யஸன் அங்கேயிருந்து கூப்பிட்டா, பார்த்துச் சொல்றேன்னு வைக்காதீங்க. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னாலும் பேசிக்கிட்டு இருங்க. அவன் தனியா இருப்பான்."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. வழக்கம்போல ஹாலா கையை நீட்டினாள். அதற்குள் நஸ்மி எடுத்துவிட்டார்.