இறக்கைக்கு எத்தனை அடி

அப்பா கட்டிய சிறிய மாதிரி விமானங்கள் இப்போது பாலக்காட்டில் ஒரு அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன ஒரு பொறுமை!" என்கிறார்கள். பொறுமையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ள வந்தவர். தோப்பைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. முன்னறையில் உட்கார்ந்து எடையே இல்லாத மெல்லிய மரத்தைப் பிளேடால் சீவி, தாள் ஒட்டி, ஒன்று முடிந்தால் அடுத்தது என்று செய்துகொண்டே இருப்பார். பிளேடு பிடிக்கும்போது அந்தக் கை நடுங்கியதே இல்லை. பெல்ட்டைப் பிடிக்கும்போதும்தான்.

அந்த அறையில் ஃபேன் போடக் கூடாது. பசை காயும்வரை ஜன்னல் திறக்கக் கூடாது. எங்கள் ஊரிலோ தை மாதம் வந்தால் கணவாய்க் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும். எந்த ஜன்னல் கொக்கி கழன்றாலும், எந்தத் தாள் கிழிந்தாலும் அம்மாவுக்கு விழும். கன்னத்தில், முதுகில், ஒருமுறை இஸ்திரிப் பெட்டியால் முழங்கையில். அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது. அடித்து முடித்ததும் அவர் திரும்பப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சீவ ஆரம்பிப்பார். அடியைக்கூட விட்டுவிடலாம், அப்படி உட்கார்ந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் பத்தாவது படித்த வருடம், ஒரு மத்தியானம் புழுக்கம் தாங்காமல் அந்த ஜன்னலைத் திறந்துவிட்டேன். காற்று புகுந்து, காயாத விமானம் ஒன்று தரையில் விழுந்தது. அப்பா என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். பெல்ட்டை உருவும்போது அம்மா உள்ளே வந்தாள். விட்டத்தில் தொங்கிய பெரிய விமானத்தை, மூக்கில் நிஜ எஞ்சின் வைத்ததை, இரண்டு கையாலும் பிடுங்கி அவர் முகத்தில் இறக்கினாள். இறக்கை முறிந்தது. மூக்கில் இருந்த விசிறி அவர் புருவத்தைக் கிழித்தது. மிச்சமிருந்ததைக் கொண்டு இன்னொன்று போட்டாள். வெள்ளைத் தாளெல்லாம் அவர் ரத்தம்.

"இன்னொருக்கா எம்புள்ள மேல கை பட்டுச்சு, அத்தனையும் அடுப்புலதான் போகும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். விமானங்களுக்காகப் பயந்தார், அவ்வளவுதான். முறிந்ததை அவர் சரிசெய்யவும் இல்லை. அம்மா அதைத் துடைக்காமல் பரண்மேல் வைத்தாள்.

போன வருடம் அவர் இறந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த தம்பிதான் விமானங்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்றான். அடி ஓய்ந்த பிறகு விவரம் தெரிந்தவன் அவன். அவனுக்கு அப்பா பெரிய கலைஞர். அம்மா சம்மதித்தாள், ஒரே நிபந்தனை: பரண்மேல் இருப்பதும் போக வேண்டும். தம்பி முடியவே முடியாது என்றான்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர் மலையாளி. விமானங்களைக் கூடத்தில் வரிசையாக வைத்து, ஒன்றின் இறக்கை நெடுக டேப்பை இழுத்தபடி, "அம்மே, இதினு எத்தற அடி?" என்றார்.

"அதுக்குங்களா? பெல்ட்டுல மூணுங்க" என்றாள் அம்மா. "ஜன்னக் கொக்கி கழண்டு கெடந்துச்சு."

டேப் சுருண்டுகொண்டு உள்ளே போனது. தம்பி கத்தினான்: "ஏம்மா, அவுரு அளவு கேக்கறாரு!"

"நானும் அளவுதான சொல்றேன்."

முதல் தடவை அவள் தவறாகத்தான் புரிந்துகொண்டிருப்பாள். அடுத்ததைக் காட்டி, "இதுக்கு இஸ்திரிப் பெட்டிங்க" என்றபோது தெரிந்தேதான் சொன்னாள். வந்தவர் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா பரணிலிருந்து இறக்கிக் கையில் வைத்திருந்த முறிந்த விமானத்தைப் பிடுங்கினான். "இதையுங் கொடுத்து ஊருக்கு முன்னால அப்பா மானத்த வாங்கோணுமா?" என்று அம்மா மேல் கையை ஓங்கினான். தோளிலிருந்து பின்னால் போகும், அப்பாவின் அதே ஓங்கல். நான் யோசிக்கவே இல்லை. செவிட்டில் ஓங்கி ஒன்று விட்டேன். தட்டுத் தடுமாறிச் சுவரோடு போய் உட்கார்ந்தான். எனக்கு உள்ளங்கை எரிந்தது. திருப்தியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கீழே விழுந்திருந்த விமானத்தை எடுத்து அருங்காட்சியகத்துக்காரரிடம் நீட்டினாள். அவர் பாவம், பரவாயில்லை, சரிசெய்துவிடலாம் என்று நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "சாரமில்லா அம்மே, அவிடெ மியூசியத்தில் ஆளுண்டு. ஒட்டிச்சு புதியது போலெ ஆக்காம். ரத்தக்கறையும் போகும்."

அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒட்டறதா இருந்தா ஒண்ணுமே கொண்டு போவேண்டாமுங்க" என்றாள். "மத்ததெல்லாம் அவிய செஞ்சது. இது ஒண்ணுதானுங்க நான் செஞ்சது."