மூணு லைட்டும் எரியுது… தண்ணி எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியில் கை வைத்த நேரம் போன் அடித்தது. என் தங்கை மல்லிகா. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"அண்ணே, இன்னைக்கிச் சாயங்காலம் போர் வண்டி வருது. நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

சென்னை வாசகர்கள் பீரங்கி, துப்பாக்கி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். போர் வண்டி என்றால் எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. ஆனால் அது ஒரு கொல்லைக்குள் (எங்கள் பக்கம் கொல்லை என்றால் மேட்டு நிலம்) வந்து நின்றால், அந்த வீட்டின் பல வருடச் சேமிப்பு புழுதியாகப் பறக்கும். யோசித்துப் பார்த்தால் பீரங்கி பரவாயில்லை.

"எதுக்கும்மா புது போரு? இருக்கிற போருக்கு என்ன?"

"வத்திப்போச்சுங்கிறாங்க."

வத்திப்போச்சு என்று அவள் சொல்லவில்லை. வத்திப்போச்சு'ங்கிறாங்க'. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. இட்லியை முடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

விஷயம் இதுதான். மல்லிகாவின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். கல்யாணமானதிலிருந்து அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் லீவுக் கணக்குதான். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் முடிகிறது. இனி போவதில்லை, கொல்லையில் கடலை போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளை முடிவெடுத்திருந்தார். வீட்டுக்கு வெள்ளைகூட அடித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் கிணறு வற்றிவிட்டது என்று செய்தி போனால் மனிதர் என்ன சொல்வார்?

"போரைப் போட்ருங்க. நான் இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டு வாரேன்."

நான் போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்ன இதை என்னிடம் சொன்னபோது மல்லிகா அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். தாடையை இறுக்கிக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் ஸ்கூலில் வாத்தியார் தப்பாக மார்க் கூட்டிவிட்டால் இப்படித்தான் நிற்பாள். மார்க்கைத் திருத்தும் வரை நகர மாட்டாள்.

கொல்லைக்குப் போனோம். கடலை பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்குகிற பருவம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் காய் பிடிக்காது, வெறும் செடிதான் மிஞ்சும். மோட்டாரைப் போட்டுக் காட்டினாள். வழக்கமாகத் தொட்டியில் மோதித் தெறிக்கிற தண்ணீர், குழாயின் உதட்டில் நூலாக ஒழுகியது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பக்கத்துக் கொல்லை வீரையா சித்தப்பா. அவருடைய போரிலும் இதே கதிதான். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்க்கிற ஓர் ஆளைக் கூட்டி வந்து, புது போருக்கு இடம் குறித்து, குச்சி நட்டு, மஞ்சள் துணியும் கட்டியிருந்தார். "தேங்கா அப்படியே நட்டுக்கிட்டு நின்னுச்சு தம்பி" என்றார் என்னிடம். இன்னொருவர் சேகர், அந்தப் பக்கத்து மோட்டார்களையெல்லாம் பார்க்கிற வயர்மேன்.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டேன்.

"டிரான்ஸ்பார்மர் வெடிச்சு, நாலஞ்சு நாளு கரண்டு இல்லாமக் கெடந்துச்சுல்ல. புது டிரான்ஸ்பார்மர் மாட்டி கரண்டு வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்றார் சித்தப்பா.

"அப்ப கரண்டுலதான் கோளாறோ?"

சேகர் சிரித்தார். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். சிவப்பு, மஞ்சள், நீலம்… மூன்று விளக்கும் பளிச்சென்று எரிந்தன. வோல்ட் மீட்டர் முள் நானூற்றுப் பத்தில் நின்றது. "பாருங்க சார். கரண்டுல ஒரு கொறையும் இல்ல. கொறை பூமியிலதான்."

எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்கு வருகிற சிங்கிள் பேஸ் இருநூற்று முப்பது வோல்ட். கொல்லைக்கு வருவது த்ரீ பேஸ், மூன்று கம்பி. அப்படியானால் மூன்று இருநூற்று முப்பது… அறுநூற்றுத் தொண்ணூறு அல்லவா காட்ட வேண்டும்? மிச்சத்தை யார் எடுத்துக்கொண்டு போனது? கேட்டே விட்டேன்.

"அப்படிக் கூட்டக் கூடாது சார். ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வச்சுப் பாத்தா இருநூத்தி முப்பது. ரெண்டு கம்பிக்கு நடுவுல வச்சா நானூறுக்கு மேல. மூணு கம்பியும் ஒண்ணா ஏறாது. ஒண்ணு ஏறையில ஒண்ணு எறங்கும். மொற வச்சுத்தான் வரும்."

திருவிழாவில் கையால் தள்ளுகிற ராட்டினம் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் மூன்று பேர் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளுவார்கள். அது மாதிரி என்று புரிந்துகொண்டேன். ஆக கரண்டு ஒழுங்காக வருகிறது, பூமிதான் கைவிட்டுவிட்டது. "சரி, போட்டுத்தான் ஆகணும் போல" என்றேன் தங்கையிடம். பெரிய மனுஷத்தனமாக.

மல்லிகா மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குப் போனோம். கை கால் கழுவ வாசல் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பாய்ந்து வந்து வேட்டியெல்லாம் நனைந்தது.

"இது எந்தத் தண்ணிம்மா?"

"வீட்டு போரு. சின்ன மோட்டாரு, சிங்கிள் பேஸு. கொல்ல போரு ஆழத்துல பாதிகூட இருக்காது." அவள் என்னையே பார்த்தாள். "இதைக் காட்டத்தாண்ணே ஒங்களைக் கூப்புட்டேன். ஆழம் கம்மியான போருல கொட்டுது. கூப்புடு தூரத்துல, ஆழமான போருல வத்திப்போச்சு. எப்படி?"

"ஊத்து வேறயா இருக்கும்."

"சரி. சித்தப்பா கொல்லையில ஊத்து வேற. அதுக்கங்கிட்டு முந்திரித் தோப்புல ஊத்து வேற. எல்லா ஊத்தும் பேசி வச்சுக்கிட்டு, ஒரே நாள்ல, அதுவும் த்ரீ பேஸ் மோட்டாருக்கு மட்டும் வத்துமா?"

நான் பத்தி எழுதுகிறவன். கேள்விகள் கேட்பது என் தொழில். இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? காரணம் எளிது. எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லும்போது, கேள்வி கேட்கிற சிரமம் நமக்கு மிச்சமாகிவிடுகிறது.

"ஏறுங்கண்ணே" என்றாள். அவளுடைய ஸ்கூட்டியில் நான் பின் சீட்டு. அந்த வெயிலில், அந்தச் செம்மண் ரோட்டில், ஒவ்வொரு கொல்லையாக இறங்கி ஏறினோம். ஊர்க் குளத்துக்கு அந்தக் கரையில் வேறு டிரான்ஸ்பார்மர். அங்கே எல்லா போரிலும் தண்ணீர் கொட்டியது. இந்தக் கரையில் ஒன்றிலும் இல்லை. "தண்ணி வத்துறதுன்னா குளத்துக்கு ரெண்டு பக்கமும்தானே வத்தணும்?" என்று ஓட்டிக்கொண்டே கேட்டாள். எனக்கு இடுப்பு வலித்தது. திரும்பலாமா என்றேன். "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

அந்த ஒன்று, ரோட்டோர மாவு மில். இந்தக் கரை டிரான்ஸ்பார்மர், த்ரீ பேஸ் மோட்டார். போய் நின்றோம். மில் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. என் தங்கையின் கட்சி அங்கேயே தோற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அதே கரண்டில் மில் நன்றாக ஓடினால், கோளாறு கரண்டில் இல்லை. பூமிதான். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வா போகலாம் என்று தோளைத் தொட்டேன்.

அவள் போகவில்லை. மில்காரரிடம் கேட்டாள்: "அண்ணே, புது டிரான்ஸ்பார்மர் மாட்டுன அன்னைக்கும் இப்படியேதான் ஓடுச்சா?"

அவர் மிஷினை நிறுத்தினார். "இல்லம்மா. அன்னைக்கி மோட்டாரைப் போட்டா பெல்ட்டு அங்கிட்டுச் சுத்துது. மாவு எறங்கல. மெயினை ஆஃப் பண்ணி, ரெண்டு வயரை எடம் மாத்திப் போட்டோம். பழையபடி இங்கிட்டுச் சுத்துச்சு. அவ்வளவுதான்."

"இதை ஏண்ணே யாருட்டயும் சொல்லல?" என்றாள்.

"நம்ம மோட்டாருல மட்டுந்தான் கோளாறுன்னு நெனச்சேன். இங்க வர்றவங்களும் மாவைத்தானே கேப்பாங்க?"

இப்போது புரிந்ததா? எனக்கு ஸ்கூட்டியில் திரும்பும்போதுதான் புரிந்தது. ராட்டினம் தள்ளுகிற மூன்று பேரில் இரண்டு பேர் இடம் மாறிக்கொண்டால் என்ன ஆகும்? அதே பலம், அதே ஆட்கள்… ஆனால் ராட்டினம் எதிர்ப்பக்கம் சுற்றும். புது டிரான்ஸ்பார்மர் மாட்டியபோது எங்கோ இரண்டு கம்பிகளின் முறை மாறிவிட்டது. வோல்டேஜில் ஒரு புள்ளி குறையவில்லை. மூன்று விளக்கும் எரியும், மீட்டரும் நானூற்றுப் பத்து காட்டும். மோட்டார் மட்டும் திரும்பிச் சுற்றும், தண்ணீரைச் சரியாக மேலே தள்ளாது. சிங்கிள் பேஸில் இந்த முறையெல்லாம் கிடையாது, அதனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. மில் மோட்டார் கண் முன்னால் சுற்றுகிறது, அதனால் அன்றே தெரிந்துவிட்டது. போர் மோட்டார் பல நூறு அடி ஆழத்தில், குழாய்க்குள். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யார் எட்டிப் பார்ப்பது?

கொல்லைக்கு வந்தால்… போர் வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் துணிக் குச்சிக்கு முன்னால் சூடம், எலுமிச்சம்பழம். சித்தப்பா தீப்பெட்டியும் கையுமாக நின்றார்.

மல்லிகா ஸ்கூட்டியை நேராகக் கொண்டுபோய் அந்தக் குச்சிக்கு முன்னால் நிறுத்தினாள். "சேகரண்ணே, மோட்டாருக்குப் போற வயருல ரெண்டை மாத்திப் போடுங்க."

சேகர் தயங்கினார். "மோட்டாருக்கு எதாச்சும் ஆச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாதும்மா."

"சொல்ல மாட்டேன். போடுங்க."

சித்தப்பா தன்மையாகத்தான் பேசினார். "ஆத்தா, வந்த வண்டியத் திருப்புறது நல்லதில்ல. மாப்பிள்ளையும் சரின்னு சொல்லிட்டாரு. பூசைக்கு வேற எல்லாம் எடுத்து வச்சாச்சு."

"மோட்டாரைத் திருப்பிப் பாக்காம பூமியில ஓட்ட போட மாட்டேன் சித்தப்பா. அதுலயும் வரலன்னா நானே சூடம் ஏத்துறேன்."

சத்தம் போடவில்லை அவள். குரல்கூட உயரவில்லை. ஆனால் லாரிக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டார்.

சேகர் மெயினை இறக்கினார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார், இரண்டு வயரைக் கழற்றி இடம் மாற்றி முறுக்கினார். மறுபடி மெயினை ஏற்றி, பச்சைப் பட்டனை அமுக்கினார். மூன்று விளக்கும் எரிந்தன. முள் அதே நானூற்றுப் பத்து. எதுவும் நடக்கவில்லை. குழாய் சும்மா இருந்தது. நான் மல்லிகாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

குழாய் ஒரு முறை இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு தொட்டியின் எதிர்ச் சுவரில் போய் மோதியது பாருங்கள் தண்ணீர்… சித்தப்பாவின் தீப்பெட்டி நனைந்துவிட்டது.

சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். கரண்டு வந்த அன்று பெட்டி ஸ்டார்ட் ஆகவே மறுத்ததாம். பேஸ் முறை மாறி வந்தால் மோட்டாரை ஓட விடாமல் தடுக்கிற சின்னக் கருவி ஒன்று உள்ளே இருக்கிறது. "அதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, எல்லாப் பெட்டியிலயும் அதைக் கழட்டிட்டு டைரக்ட் பண்ணி விட்டேன் சார்" என்றார். கத்திச் சொன்ன ஒரே ஆளின் வாயையும் கட்டியாகிவிட்டது. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாம் எல்லாரும் செய்வதுதானே இது? விளக்கு எரிகிறதா, முள் நிற்கிறதா, சத்தம் கேட்கிறதா… அப்படியானால் சரியாக ஓடுகிறது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எந்த ஆபீஸில், எந்த வீட்டில் பார்க்கிறோம்?

சித்தப்பா சேகரைக் கையோடு இழுத்துக்கொண்டு தன் கொல்லைக்கு ஓடினார். போர் வண்டி பின்னோக்கி நகர்ந்து ரோட்டில் ஏறியது. லாரிக்காரருக்கு வருத்தம்தான். ஆனாலும் போகிறபோது தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு போனார்.

மல்லிகா மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டாள். ஹலோகூடச் சொல்லவில்லை. போனைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தாள்.

"அடேயப்பா. அதுக்குள்ள போட்டாச்சா? எத்தன அடியில வந்துச்சு?" என்றார் அங்கிருந்து.

"பழைய போருதாங்க. ஒரு அடிகூடப் புதுசாப் போடல."

அப்புறம் மெதுவாகக் கேட்டார். "போர் வண்டிக்காரரு?"

"அவருகிட்ட வேணாம்னு நான் சொல்லி அனுப்பிட்டேன். ஒங்க மொதலாளிகிட்ட நீங்க சொல்லுங்க."

நேற்று சொல்லிவிட்டாராம்.